பொய்யாகக் கத்த என்னைக் கூப்பிடாதே

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டபோது, "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை. பதில் அப்போதே தொண்டையில் இருந்தது. வாயைத் திறந்தால் குரல் உடையும், நீ அதைக் கவனித்துவிடுவாய் என்றுதான் வைத்தேன். எழுதுவதில் அந்த ஆபத்து இல்லை. அதனால் எழுதுகிறேன். நீளமாக இருக்கும். உன் பயிற்சிக்கு நடுவே படிக்க நேரம் இல்லையென்றால் பஸ்ஸில் படி. ஆனால் கடைசிவரை படி.

நீ கேட்டது இதுதான். பிரிஞ்சாங் மண்டபத்தில் உனக்கும் சேவியருக்கும் மறுபடியும் மல்யுத்த ஆட்டம் வைக்கிறார்கள். உன் கழுத்தெலும்பு விரிசல் விட்ட அதே மண்டபம், அதே எதிராளி. நான் முன்வரிசையில் உட்கார வேண்டும். சேவியர் உன் தலையைப் பிடித்து அமுக்கும்போது நான் எழுந்து ஓடி, ரிங்கில் ஏறி, அவன் முதுகில் அடிக்க வேண்டும். போன தடவை செய்தது போலவே. "வீடியோவ எவ்வளவு பேரு பாத்திருக்காங்க தெரியுமாப்பா? பாஸ் உங்களத்தான் கேக்கிறாரு. அந்தப் பக்கம் ஆரோக்கியம் அங்கிள் உக்காருவாரு. அவரு ஓகே சொல்லிட்டாரு லா" என்றாய்.

"அன்னிக்கு நான் நடிக்கலடா" என்றேன்.

"தெரியும்பா. அதனாலதான் நல்லா இருந்துச்சு."

நீ கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. உன் தொழிலில் அது பெரிய பாராட்டு என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆரோக்கியம் ஒத்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகிறவன் அவன். அப்படித்தான் தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, ஆனான். நீ குழந்தையாக இருந்தபோது நடந்தது, உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நான் கோலாலம்பூரில் பட்டம் படித்துவிட்டு, உன் தாத்தா படுத்த படுக்கையானதால் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி, ஆபீசில் கிராணியாகச் சேர்ந்தவன். ஆரோக்கியம் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவத்தோடு நின்றவன். பெரிய கிராணி ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலி எனக்குத்தான் என்று தொழிலாளர் லயத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஆரோக்கியம் சாயங்காலங்களில் மேனேஜர் துரையோடு பேட்மிண்டன் ஆடினான். எனக்கு ஆடத் தெரியாது. நாற்காலி அவனுக்குப் போனது. காரணம் அவ்வளவுதான் என்று அன்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அதற்குப் பிறகு ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து வருடக்கணக்கில் பேசாமல் வேலை பார்த்தோம். சொல்லியே ஆக வேண்டியது ஏதாவது இருந்தால் சுவரைப் பார்த்துச் சொல்வோம். "சுவரே, ஃபேக்டரியிலேருந்து போன்" என்பான் அவன். "சுவரே, அப்புறம் கூப்பிடச் சொல்லு" என்பேன் நான். டீ கொண்டுவருகிற மாரியம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் தட்டோடு வெளியே ஓடுவாள். பிறகு அவன் வேலையை விட்டுவிட்டுக் கம்போங் ராஜாவில் கோஸ் தோட்டம் போட்டான். அப்போதும் அந்த நாற்காலி எனக்கு வரவில்லை. ஈப்போவிலிருந்து ஓர் ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ஆனாலும் என் கோபம் ஈப்போக்காரன் மேல் போகவில்லை. பழகிய இடத்திலேயே நின்றுவிட்டது.

அந்த ஆரோக்கியத்தின் மகன் சேவியரோடுதான் நீ பள்ளிக்கூடத்திலேயே சிநேகம் பிடித்திருக்கிறாய் என்பதும், இரண்டு பேரும் சேர்ந்துதான் கோலாலம்பூரில் மல்யுத்தம் பழகப் போனீர்கள் என்பதும் எனக்குக் கடைசியில்தான் தெரியும். உன் அம்மாவுக்கு முதலிலேயே தெரியும். "சொன்னா நீங்க சுவத்துகிட்டதானே பேசுவீங்க, அதான் சொல்லல" என்றாள்.

நீ மல்யுத்தம் என்று சொன்னபோது நான் சிரித்தேன். சின்ன வயதில் டிவியில் பார்த்ததுதான். தலைமுடி வளர்த்த ராட்சதர்கள் அடித்துக்கொள்வார்கள், லயம் முழுக்க உண்மை என்று நம்பிக் கத்தும். எல்லாம் பேசிவைத்த சண்டை என்று ஒருநாள் என் வாத்தியார் சொன்னார். அன்றிலிருந்து பார்ப்பதை நிறுத்திவிட்டேன். ஏமாற்றுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் உன் தொழிலை யாராவது விசாரித்தால், "கோலாலம்பூரில ஜிம்மில வேலை" என்று சொல்லிவந்தேன். அது உனக்குத் தெரிந்து, ஒரு வார்த்தையும் கேட்காமல் இருந்தாய் என்று பிறகு அம்மா சொன்னாள். ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

முதல்முதலாகக் கோலாலம்பூரில் உன் ஆட்டத்தைப் பார்க்க வந்தது நினைவிருக்கிறதா? ஒருவன் உன் கையை முறுக்கினான். நீ அலறினாய். பிறகு ஆட்டம் முழுக்க அந்தக் கை தொங்கிக்கொண்டே இருந்தது. நீ ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்து ஏறினாய். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு திரைக்குப் பின்னால் வந்தால், நீ அந்தக் கையாலேயே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். கையை முறுக்கியவன் உனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். "அப்பா, வலிக்கிற மாதிரி தெரிஞ்சா வலிக்கலைன்னு அர்த்தம். பேசாம உக்காந்து பாருங்க" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். படித்தவனான நான், பேசிவைத்த சண்டை என்று தெரிந்தே போன நான், சின்னப் பிள்ளையைப் போல ஏமாந்து நின்றேன். இனி ஏமாறக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அந்த முடிவு பிறகு என்ன செய்தது என்று உனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு உன் ஆட்டங்களைப் போனில் தேடித் தேடிப் பார்த்தேன். பார்த்ததை உன்னிடம் சொன்னதில்லை. உன் ஆட்டம் எப்படிப்பட்டது என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். நீ தரையில் நிற்பதே குறைவு. கயிற்றில் ஏறி, மூலைக் கம்பத்தின் மேல் நின்று, முதுகு காட்டியபடி பின்பக்கமாகச் சுழன்று எதிராளியின் மார்பில் விழுவாய். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். சேவியர் உனக்கு நேர் எதிர். கோஸ் மூட்டை ஏற்றிப் பழகிய தோள். அவன் குதிப்பதே இல்லை. மெதுவாக வருவான், மணிக்கட்டைப் பிடிப்பான், முழங்காலைப் பிடிப்பான், ஆளைத் தரையில் கிடத்தி மேலே படுத்துவிடுவான். பிடித்தால் விட மாட்டான். பார்க்கிறவர்களுக்கு எரிச்சல் வரும், அதற்காகவே அப்படி ஆடுகிறான். உன்னைத் தனியாகப் பார்த்தால் சர்க்கஸ். அவனைத் தனியாகப் பார்த்தால் தூக்கம் வரும். இரண்டு பேரையும் சேர்த்து விட்டால் கூட்டம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுகிறது. அது ஏன் என்று எனக்கு நிறைய நாள் புரியவில்லை.

ஒருமுறை போனில் கேட்டேன், ஞாபகம் இருக்கும். "நீயும் அவன மாதிரி கீழயே ஆடேண்டா. பத்திரமா இருக்கும்."

"ரெண்டு பேரும் கீழயே கெடந்தா சனம் எதப் பாக்கும்பா? அவன் என்ன இழுத்து இழுத்துக் கீழ போடணும். நான் எந்திரிச்சு எந்திரிச்சு மேல போவணும். மேல போவானா மாட்டானா, அதான் கதையே."

"சரி, அவன் ஏன் மேல ஏறக் கூடாது?"

"அவனா? அவன் ஏறுனா கம்பம் விழுந்துரும் லா."

சிரித்தாய். நானும் சிரித்தேன். நாம் இருவரும் சேர்ந்து சிரித்தது அரிது. அதற்குக்கூட ஆரோக்கியத்தின் மகன்தான் காரணம் என்பது எனக்கு உறுத்தியது.

பிரிஞ்சாங் ஆட்டத்துக்கு வருகிறேன். பள்ளி விடுமுறை. ஊர் முழுக்கச் சுற்றுலாக்காரர்களின் கார், தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போய்ச் சேரவே நெடுநேரம் ஆயிற்று. நான் சீக்கிரமே வந்துவிட்டேன். நீங்களே லாரியிலிருந்து இரும்புச் சட்டங்களையும் பலகைகளையும் இறக்கி ரிங்கைப் பூட்டிக்கொண்டிருந்தீர்கள். நீயும் சேவியரும் ஒரே பலகையின் இரு முனையைப் பிடித்துத் தூக்கி வந்தீர்கள். பலகைக்கு மேல் விரித்த மெத்தையை யாரும் பார்க்காதபோது விரலால் அமுக்கிப் பார்த்தேன். நம் வீட்டில் நாய் படுக்கிற சாக்கு அதைவிடத் தடிமன். அப்போதே உன்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். இழுத்தால் நீ வருவாயா? நீ உயரத்தில் என்னைத் தாண்டிய பிறகு உன்னை எதிலிருந்தும் நான் இழுத்ததில்லை.

ஆட்டம் தொடங்கும்போது அறிவிப்பாளன் மைக்கைப் பிடித்தான். "ஒரே தோட்டம்! ஒரே ஆபீஸ்! ரெண்டு கிராணி! எத்தன வருசமா பேச்சில்ல தெரியுமா? இன்னிக்கு அவங்க மகனுங்க பேசிக்கப் போறானுங்க, கையால!" கூட்டம் கூரை அதிரக் கத்தியது. நம் வீட்டு விஷயத்தை நீதான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறாய். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆபீசில், யூனியனில், கோயில் கமிட்டியில் யாரும் காதுகொடுக்காத என் வழக்கை ஒருவன் மைக்கில் சொல்கிறான், ஊரே கேட்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. எதிர்வரிசையில் ஆரோக்கியம் உட்கார்ந்திருந்தான். அவன் என்னைப் பார்க்காத மாதிரி இருந்தான், நானும் பார்க்காத மாதிரி இருந்தேன். அன்று ஜெயிக்கப் போவது சேவியர் என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். அது மட்டும்தான் எனக்குக் குறை. பேசிவைத்த சண்டையிலும் அந்த வீட்டுக்காரன்தான் ஜெயிக்க வேண்டுமா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

உள்ளே நெரிசல் தாங்காமல் கதவுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். பனி உள்ளே வந்தது. கயிறெல்லாம் ஈரம். சேவியர் உன்னைத் தரையில் போட்டுக் கசக்கினான். நீ நழுவி எழுந்தாய், மறுபடி பிடித்தான், மறுபடி நழுவினாய். கடைசியில் ஒருவழியாகத் தப்பித்து நீ மூலைக்கு ஓடி ஏறினாய். ஏறினபோது உன் கால் வழுக்கியதை நான் பார்த்தேன். சமாளித்து நின்று, முதுகைக் காட்டிக் குதித்தாய். வழக்கமாகப் போகிற தூரம் போகவில்லை. சேவியர் ஓர் எட்டு முன்னால் பாய்ந்து கையை நீட்டினான். உன் கால்கள்தான் அவன் கைக்குக் கிடைத்தன. உன் தலை மெத்தையில் இடித்த சத்தம் மற்ற எல்லாச் சத்தத்திலிருந்தும் வேறாக இருந்தது. அது வேறு சத்தம் என்று இப்போது எழுதுகிறேன். அன்று எனக்கு அது தெரியவில்லை.

நீ அசையவில்லை. என் பக்கத்தில் இருந்த லாரிக்கார முனியாண்டி பதறிப்போய் என் தோளைப் பிடித்தான். "அண்ணே, பையனுக்கு என்னமோ ஆயிருச்சுண்ணே."

"உக்காரு. நடிப்பு. இப்ப எந்திரிப்பான் பாரு" என்றேன். கையைக் கட்டிக்கொண்டு, எல்லாம் தெரிந்தவன் மாதிரி சாய்ந்து உட்கார்ந்தேன். நீ சொல்லிக்கொடுத்ததைத்தான் முனியாண்டிக்குச் சொன்னேன். வலிக்கிற மாதிரி தெரிந்தால் வலிக்கவில்லை என்று அர்த்தம்.

சேவியர் மண்டியிட்டு உன் கையைப் பிடித்துக் குனிந்தான். பிறகு உன் தலைமாட்டுக்கு நகர்ந்து, இரண்டு முன்னங்கைகளையும் உன் தலையின் இரு பக்கமும் வைத்து இறுக்கிக்கொண்டு அப்படியே குத்துக்கல்லாக இருந்தான். நடுவர் தலைக்கு மேலே இரண்டு கையையும் குறுக்கே வைத்துக் காட்டினார். அது உங்கள் தொழிலில் 'நிஜம், நிறுத்து' என்பதற்கு அடையாளம் என்று எனக்கு எப்படித் தெரியும்? கூட்டத்துக்கும் தெரியவில்லை. வில்லன் மறுபடி பிடித்துக்கொண்டான் என்று "விடு! விடு!" என்று கத்தினார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது, அவன் விடவில்லை. அப்போதுதான் எனக்கு நடிப்பு என்ற நினைப்பு போனது. அது போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. இவன் ஆரோக்கியத்தின் மகன். அப்பன் வேலையை முடிக்க வந்திருக்கிறான். என் மகனின் கழுத்தை நிஜமாகவே நெரிக்கிறான்.

ஓடினேன். கயிற்றுக்கு அடியில் புகுந்து ஏறினேன். "விடுடா அவன!" என்று கத்திக்கொண்டே அவன் முதுகில், தோளில், பிடரியில் குத்தினேன். அத்தனை வருடம் சுவரைப் பார்த்துப் பேசியதையெல்லாம் சேர்த்துக் குத்தினேன். அவன் திரும்பவில்லை, தடுக்கவுமில்லை. உன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்:

"அடிங்க அங்கிள். என் கைய மட்டும் தொட்டுறாதீங்க."

அந்த வார்த்தை எனக்குக் காதில் விழுந்தது, மூளைக்குப் போகவில்லை. இன்னும் இரண்டு குத்து குத்தினேன். கூட்டம் விசிலடித்தது, எழுந்து நின்று கைதட்டியது. என்னைக் கட்டிப் பிடித்து இழுத்தவன் யார் என்று உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. ஆரோக்கியம். "டேய், அது பிடி இல்லடா, உம் மவன் கழுத்த அசையாம வெச்சிருக்கான்டா" என்று என் காதுக்குள் கத்தினான். அத்தனை வருடத்துக்குப் பிறகு சுவர் இல்லாமல் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் பதில் சொல்லவில்லை. இதுவரை சொல்லவில்லை.

தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை ஈப்போவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தச் சாலையின் ஒவ்வொரு வளைவிலும் நான் ஆம்புலன்சின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உன் தலை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஈப்போ டாக்டர் எலும்பில் விரிசல் இருக்கிறது, விலகவில்லை என்றார். "விழுந்தவுடனே யாரு தலையப் புடிச்சது?" என்று கேட்டார். சேதி கேட்டு வந்து சேர்ந்திருந்த உன் அம்மாதான் சேவியர் பேரைச் சொன்னாள்.

நீ கழுத்துப்பட்டையோடு வீட்டில் கிடந்த நாட்களில் சேவியர் வந்தான். நீ மாத்திரையில் தூங்கிக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரியாது. ஒரு பெட்டி கோஸோடு வாசலில் நின்றான். நான் கதவை அடைத்துக்கொண்டு நின்றேன், வா என்று சொல்லவில்லை. உள்ளிருந்து உன் அம்மா, "வாய்யா சேவியரு. அவரு அப்படித்தான் வாசப்படி மாதிரி நிப்பாரு, தாண்டிக்கிட்டு வா" என்றாள். வந்தான். நாற்காலி இருந்தும் கீழே உட்கார்ந்தான். "நாந்தான் அங்கிள் பிடிக்கல. கால் வழுக்கினதப் பாத்தேன். ரெண்டு எட்டு போயிருக்கணும், ஒரு எட்டுதான் போனேன்" என்றான். நான் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் அவனே சொல்லிவிட்டான்.

"விழுந்தவன் நிஜமா விழுந்தான்னு ஒனக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

"கையக் குடுங்க அங்கிள்."

கொடுத்தேன். உள்ளங்கையைப் பிடித்து ஒரு தடவை அமுக்கினான். "இப்படி அமுக்குனா 'நல்லாருக்கியா'ன்னு அர்த்தம். அவன் திருப்பி அமுக்குனா நல்லாருக்கான். ஒவ்வொரு பிடியிலயும் கேட்டுக்குவோம். வெளிய யாருக்கும் தெரியாது."

நான் திருப்பி அமுக்கவில்லை. வேண்டுமென்றேதான் அமுக்கவில்லை. இந்த வீட்டுக்காரனுக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும் என்ற பழைய பிடிவாதம். அவன் கையை விடாமல் காத்திருந்தான். மறுபடி அமுக்கினான். அவன் முகம் மாறியது. கண் என் கையிலேயே நின்றது. வாய் லேசாகத் திறந்தது. அன்று மண்டபத்தில் அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது. பயந்துபோய் அமுக்கிவிட்டேன். அவன் மூச்சை விட்டான். உன் அம்மா டீயை நீட்டிக்கொண்டே, "இதுக்கே இவ்வளவு நேரமா?" என்றாள்.

தம்பி, உன் எதிராளியை நீ சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாய். எனக்கு எதிராளியைத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை. நான் பிடித்த பிடியில் யாரையும் ஒன்றும் கேட்டதில்லை. இதைச் சொல்வதால் ஆரோக்கியத்தோடு நான் ராசியாகிவிட்டேன் என்று நினைக்காதே. ஆகவில்லை. உன்னிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை. உனக்குச் சொல்கிற புத்தி இவ்வளவுதான்: பிடிக்கத் தெரிந்தவனோடு மட்டும் ஆடு. அவன் வராத ஊரில், அவன் இல்லாத ஆட்டத்தில், பேருக்கு ஆசைப்பட்டு மேலே ஏறாதே. கல்யாணம் பேசும்போதும் இதையே நினைத்துக்கொள்.

டாக்டர் உன்னை ஆடலாம் என்று சொல்லிவிட்டார், எனக்குத் தெரியும். அதே வாயால், ஆடாமல் இருந்தால் நல்லது என்றும் சொன்னார். நீ முதல் வாக்கியத்தோடு எழுந்துவிட்டாய். கிளம்பிப் போன அன்று காலை உன் இடது கையிலிருந்து டம்ளர் நழுவியது. ஈரக் கை என்றாய். கை ஈரமில்லை. உன் அம்மாவும் பார்த்தாள். பேருந்து வளைவு திரும்பி மறைகிறவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள். பிறகு, "நீங்க ஒண்ணும் கேக்கலையா?" என்றாள். நான் கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய்? அந்த விரல்கள் இன்னும் மரத்துப்போகின்றனவா? சேவியர் அமுக்கும்போது எந்தக் கையைப் பிடிக்கிறான்? இடது கையென்றால், மாற்றச் சொல். அந்தக் கை மரத்துக் கிடக்கும் ஒரு நாளில் அவனுக்கு என்ன பதில் போகும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எனக்காக இதை மட்டுமாவது செய்.

உன்னைத் தடுக்க என்னால் முடியாது. தடுத்துப் பார்த்தேன். சத்தம் போட்டேன், பேசாமல் இருந்தேன், அம்மாவை அழச் சொன்னேன். "அழுகைய நீங்க சொல்லி வரவழைக்க நான் என்ன உங்க ரெஸ்லிங்காரனா?" என்று கேட்டாள். அவள் அழவில்லை. அவள் உன் ஆட்டத்தைப் பார்க்கவே வர மாட்டாள், வீட்டில் அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருப்பாள், போன் வருகிறவரை உட்கார மாட்டாள். நான் வருவேன். ஆனால் நீ கேட்டதைச் செய்ய மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன், உன் பாஸுக்கும் அப்படியே சொல்.

அன்று நான் கத்தியது நிஜம். என் கண் தப்பாகப் பார்த்தது, என் கை தப்பான ஆளை அடித்தது. ஆனால் கத்தியது நிஜம். அதையே நான் இன்னொரு தடவை பேசிவைத்துக் கத்தினேன் என்றால், அடுத்த ஊரிலும் கத்தச் சொல்வார்கள். கத்துவேன், கைதட்டுவார்கள். எனக்கும் அது பிடித்துப்போகும், என்னை எனக்குத் தெரியும். மைக்கில் என் வழக்கைச் சொன்னபோதே எனக்கு எப்படிச் சூடேறியது என்று எழுதினேன் அல்லவா? பிறகு ஒருநாள் நீ மறுபடி அசையாமல் கிடப்பாய். நான் அலறுவேன். முனியாண்டி என் தோளைத் தட்டி, "சூப்பர்ணே" என்பான். நடுவர் ஒரு கணம் தயங்குவார். உன் தலைமாட்டில் இருக்கும் சேவியர்கூட, அங்கிள் இன்றைக்கு நன்றாகச் செய்கிறார் என்று நினைப்பான். எனக்கு வேறு குரல் கிடையாது தம்பி. இருப்பதையும் விற்றுவிட்டால் அன்றைக்கு எதைக்கொண்டு கூப்பிடுவேன்?

முன்வரிசையில் ஓர் இடம் எனக்குப் போட்டு வை. ஆரோக்கியம் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் முறைத்து நடிக்கட்டும். அறிவிப்பாளன் என்ன சொல்லித் தூண்டினாலும், கூட்டம் என் பேரைச் சொல்லி எழுந்திருக்கச் சொன்னாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன், இடத்தைவிட்டு அசைய மாட்டேன். திறந்தால், அது நிஜம். உடனே நிறுத்த வேண்டும்.

இதை நேற்றே சேவியரிடம் போனில் சொல்லிவிட்டேன். அவன் நம்பர் உன் அம்மாவிடம் இருந்தது. முதலில் அவன், யாரோ இறந்த செய்தி சொல்லக் கூப்பிட்டிருக்கிறேன் என்று நினைத்துவிட்டான். விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "சரி அங்கிள். நீங்க கத்துனா ஆட்டத்த அப்படியே விட்டுறேன்" என்றான்.

"ஆட்டத்த விட்டுரு" என்றேன். "அவன விட்டுறாதய்யா."

அப்பா